மனம் உடைந்தவர்களுக்கான தியானம்: புதுச்சேரியில் ஆள் தேவை

ஸ்தோத்திரம். காதல் முறிவு, மணமுறிவில் நொந்தவர்களுக்காக ரயில் நிலையம் பக்கம் ஐந்து வாரத் தியானம் தொடங்குகிறோம். பாடம் வேதாகமத்தின் புலம்பல் புத்தகம், வாரம் ஒரு அதிகாரம்.

வழக்கமான தவறு, முதல் நாளே 3:22, 23-க்குத் தாவி, கிருபை காலைதோறும் புதியது என்று சொல்லிவிடுவது. அதற்கு முன் இரண்டு அதிகாரம், 44 வசனம், பெரும்பாலும் கண்ணீர்தான். அழவிடாமல் ஆறுதல் திணித்தால் மறுவாரம் ஆள் வராது (நியாயம்தானே?).

அங்கே ‘கிருபை’ என்று வரும் ‘ஹெசெத்’ என்ற எபிரெயச் சொல் வெறும் பாசமல்ல, உடன்படிக்கையை விடாத அன்பு என்று எளிமையாக விளக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். பெண்கள் குழுவுக்கு ஒரு அக்கா. வட்டத்துக்கு எட்டுப் பேர் போதும். சாகலாம் போலிருக்கிறது என்பவரை ஜெபத்தோடு நிறுத்தாமல் டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416-இல் பேசவைத்து, மருத்துவரிடம் கூட்டிப்போகவும் ஆள் தேவை. சனிக்கிழமை மாலை யாரால் வர முடியும்?