எம்.பி.ஏ. ஆபரேஷன்ஸா, எம்.இ. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கா? பிளானிங்ல இருக்குறவனுக்கு எது சரி?

ஓசூர்_பிளானர்:
எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் முடிச்சிட்டு ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில பிபிசி-ல (PPC, புரொடக்‌ஷன் பிளானிங்) இருக்கேன். காலைல வந்ததும் எஸ்ஏபி சாஃப்ட்வேர்ல இருந்து டேட்டா எடுத்து எக்ஸெல்ல போட்டு, எந்த மெஷின்ல எந்த பார்ட் ஓட்டணும்னு பிளான் குடுப்பேன், பத்து மணிக்குள்ள கஸ்டமர் போன் பண்ணி இந்த பார்ட் அவசரம்பாங்க, போட்ட பிளான் பூரா மாறிடும். எங்க லைன்ல எப்பவும் இடிக்கிறது ஹீட் ட்ரீட்மெண்ட் ஃபர்னஸ்தான். 95% லோடுல ஓடுதுன்னு மீட்டிங்ல பாராட்டுறாங்க, ஆனா டெலிவரி மட்டும் லேட்டாகிட்டே இருக்கு. ஏன் அப்படின்னு கேட்டா என்னால நம்பர் வெச்சு பதில் சொல்ல முடியல. அதான் இத ஒழுங்கா படிக்கணும்னு ஆசை வந்துடுச்சு.

ரெண்டு வருஷம் வேலைய விட்டுட்டு முழுநேரமா படிக்கத் தயார். எம்.பி.ஏ. போறதா, எம்.இ. / எம்.டெக். போறதா, இல்ல இந்த பிசினஸ் அனலிடிக்ஸ் கோர்ஸ் எதாவது சேர்றதா? அப்பா வேலைய விடாதடாங்கறார். கணக்கும் காலேஜோட டச் விட்டுப் போச்சு. இதே ஃபீல்டுல படிச்சவங்க யாராவது சொல்லுங்க.

கிண்டி ஐஇ:
தம்பி, நான் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல எம்.இ. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படிச்சவன். நீங்க சொல்ற பிரச்சனை அப்படியே எங்க சிலபஸ்தான், ஓஆர் (ஆபரேஷன்ஸ் ரிசர்ச், முடிவெடுக்கறதுக்கான கணக்கு), சிமுலேஷன், க்யூயிங் (வரிசைல காத்திருக்கறதோட கணக்கு), இன்வெண்டரி, குவாலிட்டி எல்லாம் வரும். கணக்கு போடுறது பெரிய விஷயமில்ல, அத சால்வர் சாஃப்ட்வேர் போட்டுடும். ஷாப் ஃப்ளோர்ல நடக்குற குழப்பத்த எடுத்து, இதுல நான் முடிவு பண்ண வேண்டியது என்ன, என் கையக் கட்டிப்போடுறது எது, எத கூட்டணும் எத குறைக்கணும்னு எழுதிக்கத் தெரியணும், கஷ்டமே அதுலதான். அதுக்குத்தான் ரெண்டு வருஷம்.

உங்க ஃபர்னஸையே எடுத்துக்குவோம். எந்த பார்ட்ட எவ்ளோ ஓட்டுனா லாபம் அதிகம்னு ஒரு லீனியர் ப்ரோகிராம், அதாவது லாபத்தையும் கட்டுப்பாடுகளையும் நேர்கோட்டு சமன்பாடா, எழுதுறீங்கன்னு வைங்க (அத தீர்க்க ஜார்ஜ் டான்ட்சிக்ங்கற கணித அறிஞர் 1947-ல குடுத்தது சிம்ப்ளெக்ஸ் முறை, இன்னிக்கும் எக்ஸெல் சால்வர்ல அதுதான் ஓடுது). பதிலோட கூடவே ஷேடோ ப்ரைஸ்னு ஒண்ணு வரும். ஃபர்னஸ்ல இன்னும் ஒரு மணி நேரம் கிடைச்சா லாபம் எவ்ளோ ஏறும்னு சொல்ற நம்பர் அது. சும்மா உதாரணத்துக்கு 1,800 ரூபாய்னு வந்துச்சுன்னா, வெளில ஜாப் வொர்க் குடுக்குறதுல அந்த ஒரு மணி நேர வேலைக்கு 1,500 கூடுதலா செலவானாலும் அனுப்பலாம், 2,000 கேட்டா அனுப்பக் கூடாது. ஒரு அளவு தாண்டினா அந்த நம்பர் மாறிடும், அந்த அளவையும் சால்வர் குடுக்குற சென்சிடிவிட்டி ரிப்போர்ட்லயே பாத்துக்கலாம். இப்ப மீட்டிங்ல வாய்ச்சண்டையா நடக்குற விஷயம் இதுல ஒரே வரில முடிஞ்சிடும்.

செலவும் பாருங்க. கேட் (GATE, இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு) ஸ்கோர் வெச்சு எம்.டெக். சேந்தா மாசம் 12,400 உதவித்தொகை உண்டு, பெரிய எம்.பி.ஏ. காலேஜ்ல லட்சக்கணக்குல ஃபீஸ்.

மதுரைக்காரி:
நான் எம்.பி.ஏ. பக்கம் பேசுறேன். ஆபரேஷன்ஸ் எடுத்துப் படிச்சேன், இப்ப ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷன்ஸ் பாக்குறேன். ஃபேக்டரிக்கு மட்டுந்தான் இந்தப் படிப்புன்னு நெனக்காதீங்க. எங்க ஊரு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது, இன்னிக்கு உலகத்துல பல மேனேஜ்மெண்ட் ஸ்கூல்ல அது பாடம். தியேட்டர்ல சர்ஜனுக்கு ரெண்டு டேபிள். ஒண்ணுல ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து டேபிள்ல அடுத்த பேஷண்ட நர்ஸுங்க தயார் பண்ணி வெச்சிருப்பாங்க. முடிஞ்சதும் டாக்டர் மைக்ரோஸ்கோப்ப இந்தப் பக்கம் திருப்பிட்டு அடுத்ததுக்குப் போயிடுவார். இருக்குறதுலயே அபூர்வமானது சர்ஜனோட நேரம், அது ஒரு நிமிஷம்கூட காத்திருக்கக் கூடாதுன்னு மத்த எல்லாத்தையும் அதச் சுத்தி அமைச்சாங்க. உங்க ஃபர்னஸ் கதையும் இதேதான் தம்பி.

எம்.பி.ஏ.-ல டிசிஷன் அனாலிசிஸ்னு ஒரு பேப்பர், எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். சீக்கிரம் கெட்டுப்போற பொருள எவ்ளோ வாங்குறதுன்னு ஒரு கணக்கு வரும். 30-க்கு வாங்கி 50-க்கு விக்கிற பொருள், மிஞ்சினா குப்பைக்குப் போகும்னா, ஒண்ணு கொறஞ்சா 20 நஷ்டம், ஒண்ணு மிஞ்சினா 30 நஷ்டம். 20-ஐ, ரெண்டு நஷ்டத்தையும் கூட்டுன 50-ஆல வகுத்தா 0.4. அதாவது பத்து நாள்ல நாலு நாள் மட்டும் முழு டிமாண்டும் ஈடாகுற அளவுக்குத்தான் வாங்கணும். சராசரிய பாத்து வாங்குறவங்க நஷ்டப்படுறது இங்கதான். இதே ஒரு உயிர்காக்கும் மருந்துன்னா இல்லாமப் போறதோட நஷ்டம் எக்கச்சக்கம், பதிலே தலைகீழா மாறிடும். அந்த நஷ்டத்துக்கு என்ன மதிப்பு வைக்கிறதுன்னு ஃபார்முலா சொல்லாது, மனுஷங்கதான் உக்காந்து பேசி முடிவு பண்ணணும். சீனியர் டாக்டர ஒத்துக்க வைக்கணும், ஃபைனான்ஸ்ல பணம் வாங்கணும். அந்தப் பழக்கம் எனக்கு எம்.பி.ஏ.-லதான் வந்துச்சு.

ஓசூர்_பிளானர்:
அண்ணா, அக்கா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த டேபிள் விஷயம் படிச்சதும் எங்க லோடிங் ஏரியாதான் ஞாபகம் வந்துச்சு, ஃபர்னஸ் காலியானப்புறம்தான் அடுத்த ட்ரேவ அடுக்கவே ஆரம்பிப்பாங்க. ஒரு சந்தேகம், 95% ஓடுறது நல்ல விஷயம்தானே, அப்புறம் ஏன் லேட்?

கணக்குப்புள்ள:
நான் ஓஆர் சொல்லிக் குடுக்குறவன், அதனால இதுக்கு மட்டும் பதில் சொல்லிடுறேன். 95% ஓடுறதுனாலதான் லேட்.

சாதாரண க்யூ மாடல்ல, வேலை வர்றதும் முடியுறதும் முன்னப்பின்ன இருக்கும்னு வெச்சுக்கிட்டா, சராசரியா உள்ள இருக்குற வேலையோட எண்ணிக்கை = லோடு ÷ (1 − லோடு). 80% லோடுன்னா 0.8-ஐ 0.2-ஆல வகுங்க, 4. 90%-ல 9. 95%-ல 19. 90-ல இருந்து 95-க்கு அஞ்சே பாயிண்ட்தான் ஏத்துனீங்க, கூட்டம் ரெண்டு மடங்குக்கு மேல. உங்க ஃபர்னஸ் பேட்ச்ல ஓடுறதால இதே நம்பர் வராது, ஆனா கடைசில செங்குத்தா ஏறுற அந்த வளைவு எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். அவசரம் அவசரம்னு நடுவுல நுழைக்கிறது ஏற்ற இறக்கத்த இன்னும் கூட்டும், கியூ இன்னும் நீளும்.

கூடவே லிட்டில்ஸ் லா-ன்னு ஒரு விதி, ஜான் லிட்டில் 1961-ல நிரூபிச்சது. ஃபர்னஸ் முன்னாடி சராசரியா 60 ட்ரே நிக்குது, ஒரு நாளைக்கு 20 ட்ரே உள்ள போகுதுன்னா, ஒரு ட்ரே சராசரியா 3 நாள் காத்திருக்கும். இதுக்கு சாஃப்ட்வேரே வேணாம், நாளைக்கே எண்ணிப் பாருங்க.

படிப்பு விஷயம். வேலைய விடுறதுக்கு முன்னாடி என்பிடெல்ல (ஐஐடிகள் நடத்துற ஆன்லைன் பாடத் தளம்) ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ஜி. சீனிவாசனோட ஓஆர் லெக்சர் எல்லாம் இலவசமா இருக்கு, பாருங்க. டூவாலிட்டி (ஷேடோ ப்ரைஸ் எங்கிருந்து வருதுங்கற பாடம்) வரைக்கும் போங்க. அது ஏன் அப்படி வருதுன்னு பேப்பர எடுத்து நீங்களா போட்டுப் பாக்கத் தோணுச்சுன்னா எம்.டெக். போங்க, பாம்பே ஐஐடி ஐஇஓஆர் (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், ஓஆர் துறை), கல்கத்தா ஐஎஸ்ஐ-ல (இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் இன்ஸ்டிட்யூட்) குவாலிட்டி ரிலையபிலிட்டி ஓஆர் எம்.டெக்., கிண்டி, இதெல்லாம் இருக்கு. ப்ரூஃப் போரடிச்சு, இத வெச்சு எங்க பிளாண்ட்ல என்ன மாத்தலாம்ங்கறதுலயே மனசு ஓடுச்சுன்னா எம்.பி.ஏ. தான். பழைய நிட்டீ, 1963-ல ஆரம்பிச்சது, 2023-ல ஐஐஎம் மும்பை ஆயிடுச்சு, ஆபரேஷன்ஸுக்குன்னே பேர் போன இடம். நம்ம ஊர்லயே ஐஐடி மெட்ராஸ், என்ஐடி திருச்சி ரெண்டுலயும் எம்.பி.ஏ. இருக்கு.

கிண்டி ஐஇ:
சார் சொன்னது சரி, எக்ஸாம் பத்தி மட்டும் சேத்துக்குறேன். ஐஐஎம் கேட் (CAT) நவம்பர் கடைசில, இன்ஜினியரிங் கேட் (GATE) பிப்ரவரில, ரெண்டும் ஒரே சீசன்ல எழுதலாம். GATE மெக்கானிக்கல் பேப்பர்லயே இன்வெண்டரி, லீனியர் ப்ரோகிராமிங், க்யூயிங் எல்லாம் வரும், உங்களுக்கு அது அன்னாட வேலை. தமிழ்நாட்டு காலேஜ் எம்.இ.-க்கு சீட்டா-பிஜின்னு நுழைவுத் தேர்வு தனியா இருக்கு.

அனலிடிக்ஸ் கோர்ஸ் கேட்டீங்கல்ல, பேர பாக்காதீங்க, சிலபஸ வாங்கிப் படிங்க. ப்ராபபிலிட்டி, ஆப்டிமைசேஷன், சிமுலேஷன் மூணும் இல்லாம வெறும் பவர் பிஐ, டாப்லோன்னு டூல் பேரா அடுக்கியிருந்தா அதுக்கு லட்சம் ரூபாய் கட்டாதீங்க. டேஷ்போர்டு நேத்து நடந்தத காட்டும், நாளைக்கு எந்த பார்ட்ட முதல்ல ஏத்தணும்னு சொல்லாது.

ஓசூர்_பிளானர்:
லெக்சர் இன்னிக்கே ஆரம்பிச்சிட்டேன் சார். ரெண்டு எக்ஸாமும் எழுதுறேன், அதுவரைக்கும் வேலைல இருக்கேன்னு அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். ஃபர்னஸ் டேட்டா எடுக்கணும்னா என்னென்ன குறிச்சுக்கணும்?

கணக்குப்புள்ள:
ஒவ்வொரு ட்ரேவும் ஃபர்னஸ் முன்னாடி வந்த நேரம், உள்ள போன நேரம், வெளில வந்த நேரம், பார்ட் நம்பர், எந்த டெம்பரேச்சர் சைக்கிள், இவ்ளோ போதும். பிரேக்டவுன் நேரத்த தனி காலம்ல (column) போடுங்க, லோடிங் நேரத்தோட கலந்துடாதீங்க. நைட் ஷிஃப்ட் உட்பட ஒரு மாசம் விடாம எடுத்துட்டு இங்கயே போடுங்க தம்பி, ஒண்ணா உக்காந்து பாக்கலாம். கம்பெனி பேர், கஸ்டமர் பேர் மட்டும் எடுத்துட்டுப் போடுங்க.