மண்டேலா சொன்ன இரண்டு மரங்கள்

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் வேலை பார்த்த மூன்று வருஷமும் அக்டோபர் வந்தால் அரசு மாளிகையான யூனியன் பில்டிங்ஸின் புல்வெளிக்குப் போய்விடுவேன். அந்த மாசம் ஊரே ஊதாவாக இருக்கும். உதிர்ந்த ஜக்கரண்டா பூ செருப்புக்கடியில் பட்பட்டென்று வெடிக்கும், கொஞ்சம் அசந்தால் வழுக்கியும் விடும்.

1994 மே 10 அன்று மண்டேலா அதிபராகப் பதவியேற்றது அங்கேதான். அன்று அவர் ஆற்றிய உரையைப் பலமுறை படித்திருக்கிறேன். முடிவில் வரும் 'சுதந்திரம் ஆளட்டும்' என்ற வரிக்காகத்தான் நானும் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற தோட்டக்காரர். பதவியேற்பு அன்று புல்வெளிக் கூட்டத்தில் நின்றவராம். உரையில் எது பிடித்தது என்று கேட்டேன். "மரம்" என்றார்.

தொடக்கத்தில் வரும் வரி அது. பிரிட்டோரியாவின் ஜக்கரண்டாவும் புதர்வெளியின் மிமோசாவும் இந்த மண்ணோடு எப்படி ஒன்றியிருக்கின்றனவோ, நாம் ஒவ்வொருவரும் அப்படியே என்பார் மண்டேலா. ஏதோ வர்ணனை என்று நான் தாண்டிப்போன இடம்.

"மிமோசா எங்க முள்மரம். ஜக்கரண்டா தென் அமெரிக்காவிலேர்ந்து வந்தது, வெள்ளைக்காரங்க காலத்துல நட்டது. ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னார் பாருங்க."

சுரீரென்றது எனக்கு. 27 வருஷம் சிறையில் கிடந்தவர், ஜெயித்த அன்று வாயைத் திறந்ததும் வெளியிலிருந்து வந்தவனுக்கும் இங்கே வேர் உண்டு என்கிறார். 'ஒருவர் இன்னொருவரை ஒடுக்குவது இனி ஒருபோதும், ஒருபோதும், ஒருபோதும் கூடாது' என்று பின்னால் சொல்லும்போதும் யார் யாரை என்று பெயர் வைக்கவில்லை. நாளைக்கு அதிகாரத்துக்கு வரும் தன் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

விமானப்படை அணிவகுப்பு பற்றியும் பெரியவர் சொன்னார். சத்தம் கேட்டதும் இவர் பட்டென்று குனிந்துவிட்டாராம். "அதுவரைக்கும் தலைக்கு மேல பறந்த ராணுவ விமானம் எதுவும் எங்களோடதா இருந்ததில்லையே." பிறகு புதுக் கொடியின் நிறங்களில் புகை பரவியதைப் பார்த்துத்தான் நிமிர்ந்திருக்கிறார். தன்னைக் கைது செய்திருக்கக்கூடிய தளபதிகளே அன்று சல்யூட் அடித்ததை மண்டேலாவும் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

எனக்கு இன்னொரு வரியும் பிடிக்கும் என்றேன். 'எல்லாருக்கும் வேலையும் ரொட்டியும் தண்ணீரும் உப்பும் கிடைக்கட்டும்.' அவ்வளவு பெரிய மேடையில் நின்று உப்பை நினைத்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

பெரியவர் சிரித்தார். "உப்பு இருந்துச்சு. எங்க தெருக் குழாயில தண்ணி வரத்தான் ஆறு வருஷம் ஆச்சு."

"வேலை?"

தொப்பி மேல் விழுந்திருந்த பூவைத் தட்டிவிட்டு, எதிரே இருந்த புல்வெளியைக் கையால் காட்டினார். "அடுத்த வருஷமே. இங்கதான்."