நாய்க்கு மடி, பன்றிக்குத் தட்டு: இது என்ன நியாயம்?

கேள்வி:
என் நாய்க்குக் காலில் முள் தைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் பன்றிக்கறியை ரசித்துச் சாப்பிடுகிறேன். பன்றிகளுக்குக் கண்ணாடியைப் பார்த்தே ஒளித்துவைத்த தீனியைக் கண்டுபிடிக்கத் தெரியும். ஜாய்ஸ்டிக்கை மூக்கால் நகர்த்தித் திரையில் விளையாடக்கூடக் கற்றுக்கொண்டிருக்கின்றன. (என் நாய் இன்னும் தன் வாலைத்தான் துரத்துகிறது.) அறிவுதான் அளவுகோல் என்றால் நாய்க்கு மட்டும் ஏன் சலுகை?

பதில் 1:
அறிவை விடுங்க, வலிக்குமா என்று கேளுங்க. பாலூட்டிகள், பறவைகள், ஆக்டோபஸ் வரை உணர்வுநிலைக்கான நரம்பமைப்பு உண்டு என்று விஞ்ஞானிகள் 2012இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் பிரகடனமே சொல்லிவிட்டது. நாம்தான் பழகிய முகத்துக்கு மட்டும் இரக்கப்படுகிறோம்.

பதில் 2:
கறி தின்பவரை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றணும்? நான் சைவம். கன்று போடாமல் பசு பால் தராது. காளைக்கன்று என்ன ஆகிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்? முட்டைத் தொழிலில் சேவல் குஞ்சுகளை, முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே கொல்வது சர்வசாதாரணம். ஜெர்மனி 2022இல்தான் அதைத் தடை செய்தது. முட்டைக்குள்ளேயே பாலினம் கண்டறியும் கருவிகள் வந்துவிட்டன, செலவுதான் கூடுதல்.

கேள்வி கேட்டவர்:
பால் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. சரி, அப்படியானால் தோல் செருப்பு?

பதில் 2:
அதையும்தான். நானும் போட்டிருக்கிறேன்.