பொம்மை டிராக்டர்களில் ஒட்டிப்போன தூசியை எப்படி எடுப்பது?

கேஜ்வீல்:

வணக்கம். என்னிடம் 27 பொம்மை டிராக்டர்கள் இருக்கின்றன. எல்லாம் அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காகச் சேர்த்தவை. பெரும்பாலும் 1:32 அளவில் (நிஜ வண்டியில் 32-இல் ஒரு பங்கு) சிகு, பிரிட்டன்ஸ் கம்பெனி பொம்மைகள். எர்டில் கம்பெனியின் 1:16 ஜான் டீர் இரண்டு. அப்புறம் கோர்கி கம்பெனி செய்த ஒரு மாசி பெர்குசன் 65.

அந்த கோர்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா மன்னார்குடி பக்கம் டிராக்டர் ஓட்டியவர். சேற்றில் கேஜ் வீல் (கூண்டு மாதிரியான இரும்புச் சக்கரம்) போட்டு அவர் ஓட்டுவதை வரப்பில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா அறுபதுகளில் இங்கிலாந்து போய் வந்தபோது தம்பிக்கென்று இதை வாங்கி வந்திருக்கிறார். "இருபது வயசுப் பையனுக்கு பொம்மையா" என்று பாட்டி திட்டினாராம். அப்பா கடைசி வரை அதை டிரங்குப் பெட்டியில் பழைய வேட்டித் துணி சுற்றி வைத்திருந்தார். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. இப்போது அது என் அலமாரியில் நடுத்தட்டில் நிற்கிறது.

பிரச்சினை என்னவென்றால், அலமாரி இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் தெருத் தூசியும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டிவிட்டது. போன மாதம் ஒரு சிகுவைக் காய்ந்த துண்டால் துடைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பானெட் முழுக்க மயிரிழைக் கீறல். ஒரு ஜான் டீரில் ஹேண்ட் சானிடைசர் போட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் அச்சடித்திருந்த எழுத்து கரைந்து பஞ்சில் வந்துவிட்டது. அன்றைக்கு நிறுத்தியவன்தான். இன்னொரு பிரிட்டன்ஸின் பின் டயர் அலமாரிப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.

கோர்கியை இன்னும் தொடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்து_குடந்தை:

தம்பி, பித்தளை விளக்குக்கு விபூதி போட்டுத் துடைப்போமே, அது மாதிரி செய்து பாருங்கள். டூத் பேஸ்ட்டும் நன்றாக வேலை செய்யும். கடைசியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் புதுசு போல் மின்னும்.

நாச்சியார்_கொலு:

முத்து அண்ணா, தயவுசெய்து வேண்டாம். விபூதியும் பேஸ்ட்டும் உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பொடிகள். பித்தளையில் தேய்ந்தால் அடியிலும் பித்தளை இருக்கும். பெயின்ட் தேய்ந்தால் அடியில் பெயின்ட் இல்லை. தேங்காய் எண்ணெய் அடுத்த நாளிலிருந்து தூசியைப் பிடிக்கும், நாளாக ஆகச் சிக்குப் பிடித்து மஞ்சளாகும். எங்கள் வீட்டு மரப்பாச்சிக்குத் தடவலாம், டிராக்டருக்குக் கூடாது.

நான் டிராக்டர் சேர்ப்பவள் இல்லை. ஆனால் மாமியார் வழியில் வந்த கொலு பொம்மைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் பரணிலிருந்து இறக்கித் துடைப்பது என் வேலை. காய்ந்த துண்டால் கீறல் விழுந்தது ஏன் என்று கேட்டால், தெருத் தூசியில் பாதி பொடி மணல். துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் அது மாட்டினால் உப்புத்தாளில் தேய்த்த மாதிரிதான். அதனால் துடைப்பதற்கு முன்னால் தூசியை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். முகத்துக்குப் பவுடர் போடும் மிருதுவான பிரஷ், புதியதாக ஒன்று, இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டைமேல் செல்லோ டேப் சுற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தகரம் பட்டே கீறும்.

இன்னொன்று. பூச்சி வரக்கூடாது என்று அலமாரியில் அந்துருண்டை போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சில வகை பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். ஒரு வருடம் எங்கள் செட்டியார் கடைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் தராசு அப்படித்தான் வீணானது.

டெல்டா_டு_அயோவா:

கேஜ்வீல் தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் அலமாரி முன்னால் பத்து நிமிடம் நின்றேன். எனக்கும் ஊர் நீடாமங்கலம்தான். இப்போது அமெரிக்காவில் அயோவா மாநிலம், சீடர் ராப்பிட்ஸ். இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் டயர்ஸ்வில் என்ற சின்ன ஊர். உங்கள் ஜான் டீர் பொம்மைகளுக்குத் தாய்வீடு அது. பிரெட் எர்டில் என்பவர் 1945-இல் டபியூக் நகரத்தில், வீட்டிலேயே அலுமினியத்தை உருக்கி மணல் அச்சில் வார்த்துத் தொடங்கிய தொழில், பிறகு டயர்ஸ்விலுக்கு வந்து வளர்ந்தது. பண்ணைப் பொம்மைகளுக்கென்றே அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது. நவம்பர் மாதக் கண்காட்சிக்கு வருடம் தவறாமல் போகிறேன். எண்பது வயதுத் தாத்தாக்கள் தாங்கள் ஓட்டிய டிராக்டரின் பொம்மையைத் தேடி மேசை மேசையாகப் போவதைப் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவர் என்றே எனக்குத் தோன்றியது.

சரி, வேலைக்கு வருகிறேன். ஒரே பொம்மையில் வார்ப்பு உலோகம், பெயின்ட், பிளாஸ்டிக், டயர், ஸ்டிக்கர், சக்கரங்களைக் கோக்கும் இரும்பு அச்சு என்று ஐந்தாறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதல். உங்கள் சானிடைசர் அதைத்தான் காட்டியது. அதில் இருக்கும் ஆல்கஹால் பிசுக்கை எடுக்கும், அச்சு மையையும் எடுக்கும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இன்னும் மோசம், பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

மேசையில் தடிமனான துண்டை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். வண்டியை அடிவயிற்றில் பிடித்துத் தூக்குங்கள். புகைக்குழாயையும் ஸ்டியரிங்கையும் பிடிக்கவே கூடாது, முதலில் ஒடிவது அவைதான். முதலில் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். அப்புறம் அக்கா சொன்ன பிரஷ், மேலிருந்து கீழாக. வேக்குவம் கிளீனர் இருந்தால் குழாய் வாயில் பழைய நைலான் சாக்ஸ் கட்டி, குறைந்த வேகத்தில் பக்கத்தில் பிடியுங்கள். பிரஷ் எழுப்பும் தூசியை அது இழுத்துக்கொள்ளும், கழன்ற சின்னப் பாகம் சாக்ஸில் நின்றுவிடும். எனக்கு ஒரு லிவர் அப்படித்தான் திரும்பக் கிடைத்தது.

உங்கள் பிசுக்கு இதற்கெல்லாம் அசையாது, ஈரம் வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் உப்புத் திட்டு நிற்கும். இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்குங்கள். பேட்டரி ஆசிட் இல்லை, கேன் மேல் இருப்பதைப் படித்து வாங்குங்கள். அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு மூன்று சொட்டு. இயர் பட்ஸை நனைத்து, பிழிந்து, தேய்க்காமல் உருட்டுங்கள். ஒருமுறை உருட்டியதும் அந்தப் பட்ஸ் கதை முடிந்தது, அடுத்ததை எடுங்கள். அழுக்குப் பட்ஸால் திரும்பத் தொட்டால் மறுபடி அதே மணல்தான். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த பட்ஸ், கடைசியில் காய்ந்த மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுப்பது. எந்த வண்டியானாலும் முதலில் அடிப்பக்கம் ஒரு மூலையில் சோதித்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். பட்ஸில் பெயின்ட் நிறம் வந்தால் அந்த வண்டிக்கு ஈரம் கிடையாது.

ஸ்டிக்கர் பக்கம் ஈரமே வேண்டாம். காய்ந்த பிரஷ் மட்டும், ஸ்டிக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓரத்திலிருந்து உள்ளே போனால் கிளப்பிவிடும். முழு வண்டியையும் தண்ணீரில் முக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அச்சுக்குள் தண்ணீர் போய்த் தங்கும், ஆறு மாதம் கழித்துச் சக்கரத்தைச் சுற்றித் துரு எட்டிப்பார்க்கும்.

டயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், மிருதுவான பிவிசி டயரில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் வருடக்கணக்கில் வெளியே கசிவது. இழுக்காதீர்கள். தையல் நூலை டயருக்கு அடியில் விட்டு மெதுவாக முன்னும் பின்னும் அறுங்கள். இனி எல்லா வண்டிக்கும் சக்கரத்தின் கீழே ஒரு துண்டு பாலியெஸ்டர் ஷீட் வையுங்கள். கார் டயர் பாலிஷ் எதையும் தடவ வேண்டாம்.

கரைந்த எழுத்து திரும்ப வராது, வருத்தம்தான். மாற்று ஸ்டிக்கர்கள் விற்கிறார்கள், அவசரப்பட்டு ஒட்டாதீர்கள். பாதி போன அசல், முழுதாக இருக்கும் நகலைவிட எனக்குப் பெரிது.

கோர்கிக்கு ஊதியும் பிரஷும் மட்டும். கோர்கி அந்த மாசியை 1959-இல் கொண்டுவந்தது. துத்தநாகக் கலவை வார்ப்பு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கம்பெனி பொம்மைகள் சிலவற்றில் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் உலோகம் தானாக வீங்கி, வெடித்து, உதிர்ந்து போகும். அதற்கு வைத்தியம் கிடையாது. உங்களுடையது பிந்தைய காலம் என்பதால் பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் அடிப்பக்கத்தில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், சுரண்ட வேண்டாம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அலமாரியைச் சமையலறைச் சுவரிலிருந்து மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக் கதவு.

கேஜ்வீல்:

அண்ணா, அக்கா, இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. இதுவரை பதினொன்று முடித்திருக்கிறேன். ஒரு பிரிட்டன்ஸ் போர்டுசன் வண்டிக்கு மட்டும் 64 பட்ஸ். முன்னால் கிரில்லில் இருந்து வந்த கறுப்பைப் பார்த்து வீட்டில் பயந்துவிட்டார்கள். இப்போது அதில் நீலம் தெரிகிறது, அது இவ்வளவு வெளிர்நீலம் என்றே எனக்கு மறந்திருந்தது. ஒட்டிய டயர் நூலுக்கு விட்டுக்கொடுத்தது. அலமாரியில்தான் தழும்பு, டயர் பிழைத்தது. அந்துருண்டை இரண்டு கிடந்தன, எடுத்துவிட்டேன். கண்ணாடிக் கதவுக்குத் தச்சரிடம் அளவு கொடுத்தாயிற்று.

கோர்கியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் பின் சக்கரத்தின் உட்புறம், டயர் விளிம்பில் காய்ந்த களிச்சேறு இருக்கிறது. தூசி இல்லை, நம் ஊர்ச் சேறு. அப்பா அதை எப்போதோ வயலில் ஓட்டிப் பார்த்திருக்கிறார் போல. பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்த மனிதர். பிரஷ் பட்டால் உதிரும். எடுக்கவா, விடவா?

டெல்டா_டு_அயோவா:

விடுங்கள் தம்பி. அந்தச் சக்கரத்தை இனி உருட்ட வேண்டாம், உதிராமல் இருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து, நீங்கள் மேலே எழுதிய பெரியப்பா கதையையும் ஒரு தாளில் எழுதி, வண்டிக்குக் கீழே வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் அலமாரி துடைக்கிறவருக்கு அது சேறு என்று மட்டும் தெரிந்தால் போதாது.