பீடத்தில் கிடக்கும் ஓவியத் தொகுப்பைக் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி: சமூகவியல் விரிவுரையாளர், கொழும்பு

வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி மூல மாணவர்களுக்குச் சமூகவியல் கற்பிக்கிறேன். எங்கள் பீடத்துக்குப் பல ஆண்டுகளாக அன்பளிப்பாக வந்து சேர்ந்த ஓவியங்களும் அச்சுப்படங்களும் சில மரச் சிற்பங்களும் நடைவழிகளிலும் கூட்ட மண்டபத்திலும் ஒரு களஞ்சிய அறையிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்து வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறிய கலை நூதனசாலையை அமைக்கலாம் என்ற யோசனை பீடச் சபையில் எழுந்து, அதற்கென ஓர் அறையும் தருவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பேச்சு முழுவதும் சுவருக்கு என்ன நிறம் பூசுவது, திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பதிலேயே நிற்கிறது. கற்பித்தலுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், கலை வரலாறு படிப்பவர்கள் வந்து பார்க்கட்டும் என்கிறார்கள். எங்கள் பீடத்திலோ கலை வரலாறு ஒரு பாடமாகவே இல்லை.

கலை வரலாறு அல்லாத துறைகள் இத்தகைய தொகுப்பை எவ்வாறு வகுப்புக்குள் கொண்டுவருகின்றன? இறுதியாண்டு மாணவரின் ஆய்வேட்டுக்கு அது மூலாதாரமாக நிற்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் அடுத்த சபைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவும்.

பதில் 1: ஓய்வுபெற்ற நூதனசாலை அலுவலர், தெகிவளை

தரப்படும் அறையில் முதலில் ஒரு பெரிய மேசையைப் போடுங்கள். சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக நூதனசாலையின் தனிச்சிறப்பு, மாணவர் கேட்கும் படைப்பைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து, அவர் முன்னால் வைத்து, வேண்டிய நேரம் பார்க்க விடுவதில் இருக்கிறது. பொது நூதனசாலையில் அது எளிதில் நடக்கக்கூடிய காரியமன்று. 2014இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட ஹார்வர்ட் கலை நூதனசாலைகளில் இதற்கென்றே ஒரு கற்கை நிலையம் உண்டு. காட்சியில் இல்லாத படைப்பையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் அங்கே பார்க்கலாம். ஒபர்லின் கல்லூரியின் அலன் நூதனசாலை இன்னும் ஒருபடி மேலே போய், 1940 முதல் அசல் படைப்புகளை மாணவர்களுக்கு இரவல் கொடுத்து, அவர்களுடைய விடுதி அறைச் சுவரிலேயே மாட்டிக்கொள்ள அனுமதித்து வருகிறது. நம் விடுதிகளின் சுவர்களை நினைத்தால் அதை நான் பரிந்துரைக்கத் துணியமாட்டேன்.

வகுப்பில் என்ன செய்வது என்பதற்கு எனக்குப் பிடித்த முறை ஒன்றைச் சொல்கிறேன். ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிபர் ராபர்ட்ஸ், ஆய்வுக் கட்டுரையைத் தொடங்குமுன் ஒரே ஓவியத்தின் முன்னால் மூன்று மணித்தியாலம் இருந்து, கண்ணில் படுவதையும் மனத்தில் எழும் ஐயங்களையும் குறித்துவரும்படி மாணவர்களைப் பணிக்கிறார். கோப்லி என்பவர் 1765இல் வரைந்த, பழக்கிய அணிலோடு அமர்ந்திருக்கும் சிறுவனின் ஓவியத்தை அவரே இவ்வாறு பார்த்தபோது, சிறுவனின் காது வடிவமும் அணிலின் வயிற்று மயிரின் விளிம்பும் ஒத்திருப்பது ஒன்பது நிமிடங்கள் கழிந்த பின்புதான் அவருக்குத் தெரிந்ததாம். இதற்குக் கலை வரலாற்று அறிவு முன்தேவை அன்று. களஆய்வுக் குறிப்பு எழுதப் பழகும் சமூகவியல் மாணவருக்குக் கண்டதையும் ஊகித்ததையும் பிரித்தெழுதும் பயிற்சி இதைவிட நன்றாக வேறெங்கு கிடைக்கும்?

ஆய்வைப் பொறுத்தவரை, உங்கள் துறைக்கு ஓவியத்தின் முன்பக்கத்தைக் காட்டிலும் பின்பக்கம் அதிகம் பேசும். சட்டமிட்ட கடையின் ஒட்டுச்சீட்டு, பழைய கண்காட்சியின் இலக்கம், அன்பளிப்புச் செய்தவரின் கையெழுத்து, காரியாலயம் பின்னர் ஒட்டிய தளபாட இலக்கம் ஆகியவற்றைப் படித்து, அவற்றைச் சபை அறிக்கைகளோடும் பழைய கடிதக் கோப்புகளோடும் ஒப்பிட்டால், யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தார்கள், எந்தப் படம் உபவேந்தர் அறைக்குப் போனது, எது களஞ்சியத்துக்குப் போனது, எந்தச் சமூகத்தவரின் கலை வாங்கப்படவே இல்லை என்ற கேள்விகள் தாமாக எழும். அன்பளிப்பு, மதிப்பு, அதிகாரம் பற்றி நீங்கள் விரிவுரையில் சொல்வதெல்லாம் அந்தப் படங்களின் பின்னால் இருக்கிறது. அதனால் பொருட்பதிவேடு எழுதுவதையே முதல் ஆண்டு ஒப்படையாக்குங்கள்: ஒரு மாணவருக்கு ஒரு படைப்பு. அளவு, ஊடகம், நிலை, வந்த வழி ஆகியன நிரம்பிய பதிவு ஒன்று இருந்தால்தான் பின்னால் வருபவர் ஆய்வேட்டில் அதை மேற்கோள் காட்ட முடியும்.

பதில் 2: மருத்துவபீட மாணவி, பொரளை

எங்கள் துறைக்கும் இது பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் தோல்நோய்ப் பேராசிரியர் ஒருவரும் பிரித்தானியக் கலை நிலையத்தின் கல்விப் பொறுப்பாளரும் சேர்ந்து, மருத்துவ மாணவர்களை ஓவியங்களின் முன் நிறுத்தி, விளக்கம் சொல்லுமுன் காண்பதை மட்டும் விவரிக்கப் பழக்கினார்கள். அப்பயிற்சி பெற்றவர்கள் நோயாளரின் புகைப்படங்களில் கூடுதலான விவரங்களைக் கண்டறிந்தனர் என்ற முடிவு 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. எங்கள் பீடம் இருக்கும் கின்சி வீதியிலிருந்து பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்துக்கு நடந்தே போகலாம். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த அந்த வீட்டில், 1943இல் கொழும்பில் உருவான நவீன ஓவியர் குழுவான ‘43 குழு’வினரின் ஓவியங்கள் இருக்கின்றன. ஆனால் வைத்தியசாலைப் பயிற்சிக்கு நடுவில் பகலில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நூதனசாலை வளாகத்துக்குள் இருந்தால் நேர அட்டவணையோடு இந்தப் போராட்டம் இராது.

பதில் 3: வெள்ளவத்தை வாசகர்

புதிதாக ஒரு நூதனசாலை ஏன் என்றே எனக்கு விளங்கவில்லை. கொழும்பு தேசிய நூதனசாலை 1877 முதல் நம் கண்முன்னால் இருக்கிறது. காலியில் 1911இல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் நிற்கிறது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில், சீனப் பகுதி புத்தரையும் தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்தையும் பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்ற, காணிக்கைப் பட்டியல்கள் மட்டும் பெரும்பாலும் ஒத்திருக்கின்றன. சமயம், வணிகம், அரசியல் மூன்றையும் ஒரே கல்லில் கற்பிக்கலாம். பொலனறுவையில் கிடைத்த சோழர்காலச் செப்புத் திருமேனிகளும் அதே கட்டடத்தில் உள்ளன. நவீன கலை வேண்டுமென்றால் 2019இல் தொடங்கிய நவீன மற்றும் சமகாலக் கலை நூதனசாலையில் விளக்கக் குறிப்புகள் தமிழிலும் எழுதப்படுகின்றன. உள்ளதைப் பயன்படுத்தாமல் இன்னோர் அறையைப் பூட்டி வைப்பதில் என்ன லாபம்?

பதில் 4: இரசாயனவியல் ஆய்வு மாணவர், நுகேகொடை

பூட்டி வைப்பது பற்றிய அச்சம் நியாயமானதே. ஆயினும் நடைவழியில் தொங்க விடுவதும் கேடுதான். அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ ஹார்வர்டின் ஓர் உணவுக் கூடத்துக்காக வரைந்த பெரிய ஓவியங்கள் 1964இல் அங்கே மாட்டப்பட்டன. பெரிய யன்னல்களின் வெயிலில், அவற்றிலிருந்த லித்தோல் சிவப்பு என்ற நிறமி வெளிறிப்போக, 1979 அளவில் கழற்றிக் களஞ்சியத்தில் வைத்துவிட்டார்கள். பின்னர் பேணுநர்களும் கணினித்துறையினரும் சேர்ந்து, பழைய நிறத்தைக் கணித்து, ஓவியத்தைத் தொடாமலே அதன்மீது ஒளியை வீழ்த்தி ஈடுசெய்யும் முறையை உருவாக்கி, 2014இல் மீண்டும் காட்சிக்கு வைத்தனர். மாலை 4 மணிக்கு ஒளியை அணைத்து, வெளிறிய நிலையையும் பார்வையாளருக்குக் காட்டினார்கள். ஒரு பழுதிலிருந்து எத்தனை துறைகளுக்கு ஆய்வு பிறந்தது என்று பாருங்கள்.

கொழும்பில் வெயிலோடு ஈரப்பதமும் சேர்கிறது. பகலில் குளிரூட்டியை ஓடவிட்டு மாலையில் நிறுத்தினால், அந்த ஏற்ற இறக்கம் கித்தானுக்கும் மரத்துக்கும் சீரான ஈரப்பதத்தைவிட அதிகம் ஊறு செய்யும். படங்களை வெளிச்சுவரில் ஒட்டினாற்போல் மாட்டாமல், பின்னால் காற்றோட இடைவெளி விடுங்கள். பூஞ்சணத்தையும் கறையானையும் மாதமொருமுறை பார்த்து எழுதுங்கள். ஈரப்பதமானியின் அளவீடுகளை எங்களைப் போன்ற துறைகளின் மாணவர்களிடம் ஒப்படைத்தால், உங்களுக்குப் பாதுகாப்பு, எங்களுக்கு ஒரு செயற்றிட்டம்.

கேள்வியாளரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. வெள்ளவத்தை நண்பர் குறிப்பிட்ட கல்வெட்டைப் பார்க்க மாணவர்களை நிச்சயம் அழைத்துச் செல்வேன். ஆனால் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்க்கவோ அதற்குப் புதிய பதிவு எழுதவோ எவரும் எங்களை விடப்போவதில்லை. அந்த வேலைக்குச் சொந்தத் தொகுப்புத்தான் வேண்டும். சபையில் மூன்று விடயங்களைக் கேட்கவிருக்கிறேன்: மேற்கு நடைவழியில் வெயில் படும் படங்களை உடனே இறக்குவது, திறப்பு விழாவைப் பதிவேடு முடியும்வரை ஒத்திவைப்பது, இரசாயனவியல் துறையோடு சேர்ந்து ஈரப்பதத்தை அளப்பது. தெகிவளை ஐயா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிங்கள மாணவர்களும் சேர்ந்து நிரப்பக்கூடிய மும்மொழிப் பதிவுப் படிவ மாதிரி தங்களிடம் இருந்தால், அதன் நிரல்களை மட்டுமாவது இங்கே எழுத முடியுமா?