புதுப்பிப்பு: டிஏபி போடாத பாதி வயலின் அறுவடைக் கணக்கு

சம்பா நடவுக்கு முன்பு இங்கே கேட்டிருந்தேன்: மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) எக்டருக்கு 41 கிலோ என்று வந்திருக்கிறது, 22 கிலோவைத் தாண்டினாலே அதிகம் என்கிறார்கள், நடவுக்கு முன் இடும் அடியுரத்தில் டிஏபியை (மணிச்சத்து தரும் டை-அமோனியம் பாஸ்பேட் உரம்) விட்டுவிடலாமா என்று. பலர் விடலாம் என்றீர்கள், சிலர் எச்சரித்தீர்கள்.

ஒரு ஏக்கரை நடுவில் வரப்பு போட்டுப் பிரித்து, மேற்குப் பாதியில் மட்டும் டிஏபியை நிறுத்தினேன். 50 கிலோ டிஏபி மூட்டை ஒவ்வொன்றிலும் 9 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கிறது. அதற்கு ஈடாக மூட்டைக்கு 20 கிலோ யூரியா என்று கணக்கிட்டுக் கொடுத்தேன். இதை மறந்தால் பயிர் வெளுக்கும், பழி மணிச்சத்தின் மேல் விழும்.

நாற்பதாம் நாள் இரண்டு பக்கமும் குத்துக் குத்தாகத் தூர் (பக்கக் கிளைப்பு) எண்ணினேன். வேறுபாடு தெரியவில்லை. போன வாரம் அறுத்தோம்: கிழக்கே 17 மூட்டை நெல், மேற்கேயும் 17. எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்துவிட்டது.

ஆனாலும் பயிர் எடுத்தது மண்ணில் முன்பே சேர்ந்திருந்த மணிச்சத்தின் பழைய இருப்பு. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1852 முதல் 1871 வரை தொழுவுரம் இட்டு நிறுத்திய பார்லி நிலம், நூறு ஆண்டு கடந்தும் உரமே காணாத நிலத்தைவிடக் கூடுதலாக விளைந்தது. அந்தக் கூடுதல் மட்டும் காலப்போக்கில் சுருங்கிக்கொண்டே வந்தது. யூரியாவில் போடும் தழைச்சத்து அப்படித் தங்காது, பயிர் எடுத்தது போக மீதியில் பெரும்பகுதி தண்ணீரோடும் காற்றோடும் போய்விடும். மணிச்சத்து இருப்பும் மெல்லக் குறையும் என்பதால், மூன்று போகம் கழித்து மறுபடி மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுப்பேன்.

அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து இரண்டு பாதியிலும் முளைத்து, தாளடிகளுக்கு நடுவே இலை விரித்திருக்கிறது.