டேட்டாபேஸ் சர்வர் நம்மைக் கேட்காமல் வெளியே கணக்கு அனுப்பலாமா?

புதுவயல்_சர்வர்:
காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் அரிசி ஆலை, நகைக்கடை, லாட்ஜ் என்று பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு சர்வர் பார்த்துக்கொடுக்கிறேன். போன மாதம் புதுவயலில் ஓர் ஆலையில் பழைய டேட்டாபேஸை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போட்டேன். ஓப்பன் சோர்ஸ்தான், பெயர் இங்கே வேண்டாம். நாலு நாள் கழித்து ரவுட்டர் லாக்கைப் பார்த்தால் அந்த மெஷின் தெரியாத ஒரு முகவரிக்கு அவ்வப்போது பேசிக்கொண்டிருக்கிறது. வைரஸ் புகுந்துவிட்டது என்றே நினைத்தேன். இரவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு ப்ராசஸாகத் தேடினேன், விடிகிற நேரத்தில்தான் தெரிந்தது, டேட்டாபேஸோடு சேர்ந்து வந்த பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அது, டெலிமெட்ரி என்கிறார்களே அதேதான். டாகுமென்டேஷனில் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், நிறுத்தும் வழியும் இருக்கிறது. ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆலை முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நம்ம கணக்கு வெளிய போகுதா தம்பி?" உள்ளே இருக்கிற தகவல் எதுவும் போகவில்லை, எத்தனை டேட்டாபேஸ், என்ன பதிப்பு, எவ்வளவு அளவு, அவ்வளவுதான் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. எட்டு வருடப் பழக்கம். இது சரியா? உங்கள் கருத்து வேண்டும்.

கோட்டையூர்_நிரலர்:
அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அந்தப் பக்கத்தில் நிற்கிறவனாக நான் பேசியாக வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், எழுதி ஆறு வருடமாகப் பராமரிக்கிறேன். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? தெரியாது. டவுன்லோட் எண்ணிக்கையைப் பார் என்பார்கள், அதில் பாதிக்கு மேல் தானியங்கி டெஸ்ட்டுகள் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்குவது, ஒரே கம்பெனி ஒரு நாளில் முந்நூறு தடவை இறக்கும். அப்புறம் மிரர் என்கிற நகல் தளங்கள் வழியாக இறக்குகிறவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். எனக்குக் கேட்கிற ஒரே குரல் பிழை என்று கத்துகிறவர்களுடையது. நன்றாக ஓடுகிற ஆயிரம் இடம் இருந்தாலும் எனக்குத் தெரியாது.

பழைய பதிப்புக்கான ஆதரவை எப்போது நிறுத்தலாம், எந்த வசதியை யாருமே தொடவில்லை, எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டெஸ்ட் செய்தால் போதும், இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கிறோம். "அனுப்பட்டுமா?" என்று கேட்டு அனுமதி வாங்கலாம் என்பீர்கள். கேட்டால் யாரும் ஆம் என்று சொல்வதில்லை, அந்தத் திரையை யாரும் படிப்பதே இல்லை. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ 2016-ல் இருந்து இப்படித்தான், இயல்பாகவே கணக்கெடுக்கிறார்கள், வேண்டாதவர் நிறுத்திக்கொள்ளலாம். வந்த எண்ணிக்கையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவும் செய்கிறார்கள். யாருக்கு என்ன கெட்டுப்போனது?

டிபிஏ_தேவகோட்டை:
ஹோம்ப்ரூ என்பது நிரலர் தன் சொந்த லேப்டாப்பில் போட்டுக்கொள்வது தம்பி. டேட்டாபேஸ் சர்வர் என்பது அடுத்தவன் பேரேடு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நான் நிதி நிறுவனங்களுக்கு வேலை செய்கிறேன். எங்கள் டேட்டாபேஸ் மெஷினுக்கு வெளி இன்டர்நெட்டே கிடையாது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் என்றால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். ஆடிட்டர் லாக்கை விரித்து வைத்துக்கொண்டு "இந்த மெஷின் ஏன் வெளியே போக முயற்சி செய்தது?" என்று கேட்டால், தடுக்கப்பட்டுவிட்டது என்பது பதில் ஆகாது, ஏன் முயற்சி செய்தது என்பதற்குத்தான் நான் எழுத்தில் பதில் தர வேண்டும். நீங்கள் அங்கே உட்கார்ந்து ஒரு வரி சேர்க்கிறீர்கள், இங்கே எனக்கு ஒரு வாரம் போகிறது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். உங்களுக்கு வந்து சேரும் எண்ணிக்கையில் நான் இல்லவே இல்லை. வங்கி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஃபயர்வால் போட்ட எந்தப் பெரிய இடமும் இல்லை. நிறுத்தத் தெரிந்தவர்கள் நிறுத்திவிடுவார்கள். மிச்சம் இருப்பது யார்? போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடுகிற டெஸ்ட் மெஷினும், நிறுத்தத் தெரியாத சின்னக் கடையும். அவர்களை வைத்து "இந்த வசதியை யாரும் தொடவில்லை" என்று முடிவெடுத்தால், அதை நம்பி ராத்திரி மொத்தக் கணக்கு வேலையை ஓட்டுகிற இடம் எதுவோ அதுதான் அடிபடும்.

கோட்டையூர்_நிரலர்:
அரைகுறைக் கணக்கு கணக்கே இல்லாததைவிட மேல் அண்ணே. போஸ்ட்கிரெஸ் 17-ல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான ஆதரவை எடுத்தார்கள், பிறகுதான் அது வேண்டும் என்று ஆட்கள் வந்து நின்றார்கள். முன்பே எண்ணிக்கை தெரிந்திருந்தால் அது நடந்திருக்குமா?

டிபிஏ_தேவகோட்டை:
அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. ஏஐஎக்ஸ் ஓடுவது எங்கே? வங்கி, காப்பீடு, அதுமாதிரி இடங்கள். டெலிமெட்ரி இருந்திருந்தால் பூஜ்யம் என்று காட்டியிருக்கும், இன்னும் தைரியமாக எடுத்திருப்பார்கள். அங்கே பிரச்சினை பயன்படுத்துகிறவர் எண்ணிக்கையே இல்லை, அந்தத் தளத்தைப் பராமரிக்க ஆள் இல்லாததுதான். பராமரிக்க ஆள் வந்து நின்றால் பேச்சே வேறு. 1986-ல் பெர்க்லியில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் இத்தனை வருடமும் தன் சர்வருக்குள் இப்படி ஒரு எண்ணி வைக்காமல்தான் வளர்ந்திருக்கிறது, மெயில் குழுவில் பேசியும் பிழை அறிக்கை படித்தும் முடிவெடுக்கிறார்கள். மெதுவாகத்தான் நடக்கும். நடக்கிறது.

பள்ளத்தூர்_கணக்கு:
எனக்கு உங்கள் சர்வர் சமாச்சாரம் கொஞ்சம்தான் தெரியும், முப்பது வருடம் கணக்கு வைப்பியல் சொல்லிக்கொடுத்தவள். எண்ணுவது தப்பு என்று யாரும் சொல்லாதீர்கள். நாம் எண்ணியே வளர்ந்த ஊர். நகரத்தாரில் கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. ஒன்பது நகரக் கோயிலில் அவரவர் கோயிலில் பதிந்து, அங்கிருந்து பூமாலை வந்தால்தான் கல்யாணம், புள்ளிக்கு வரியும் கட்டுகிறோம். யாரும் வீட்டுக்குள் எட்டிப்பார்த்து எண்ணவில்லை, நாமே போய்ச் சொன்னோம். சொன்ன கணக்கு நிற்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் அப்பச்சி காலத்தில் பர்மாவில் கடையைப் பார்த்துக்கொண்ட ஆள் ஐந்தொகை எடுத்து ஊரில் இருக்கும் முதலாளிக்கு அனுப்புவார். முதலாளிக்குத்தான் முதலில். முதலாளி பார்த்த பிறகு யாரிடம் காட்டுவது என்பது அவர் பாடு. புதுவயல் ஆலையில் நடந்தது என்ன? கடைக் கணக்கின் சுருக்கம் முதலாளிக்கு வராமல் வேறு யாருக்கோ போயிருக்கிறது. அதில் தொகை இல்லை, பக்க எண்ணிக்கைதான் இருக்கிறது என்பது சமாதானம் ஆகுமா?

கோட்டையூர்_நிரலர்:
ஆச்சி, ஐந்தொகை பற்றிச் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது, அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனால் புள்ளி வேறு. கோயிலில் பதியாவிட்டால் கல்யாணமே ஊர்க் கணக்கில் வராது, அதனால் எல்லோரும் பதிகிறார்கள். என் எக்ஸ்டென்ஷனைப் பதியாமல் பயன்படுத்தினால் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் ஏன் வந்து சொல்வார்கள்? காக்ரோச்டிபி என்ற டேட்டாபேஸ் கட்டாயப்படுத்தும் வழியில் போனது, 2024-ல் லைசென்ஸை மாற்றி, இலவசமாக வேண்டும் என்றால் டெலிமெட்ரி கட்டாயம், அனுப்பாவிட்டால் வேகத்தைக் குறைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி மிரட்டி வாங்க எனக்கு மனம் இல்லை. கேட்காமலும் எடுக்கக் கூடாது, கட்டாயமும் படுத்தக் கூடாது என்றால் எனக்கு மிஞ்சுவது என்ன?

காரைக்குடி_மாணவி:
மிஞ்சுவதை ஏற்கெனவே சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள் அண்ணா. மரியாடிபி என்ற டேட்டாபேஸில், பயன்பாட்டுக் கணக்கு அனுப்ப ஃபீட்பேக் என்று ஒரு ப்ளகின் பல வருடமாக இருக்கிறது, இயல்பில் அணைத்தே வருகிறது. வேண்டும் என்றால் கான்ஃபிக்கில் ஒரு வரி. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அது என்ன அனுப்பும் என்பதை டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விவரங்களைக் காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் ஃபீட்பேக் என்ற டேபிளாகவே வைத்திருக்கிறார்கள், ஒரு செலக்ட் போட்டால் வரி வரியாகப் படித்துவிடலாம். டெபியன் லினக்ஸில் எந்த மென்பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் பாப்புலாரிட்டி கான்டெஸ்ட், இன்ஸ்டால் செய்யும்போதே கேட்கிறது, சும்மா என்டர் தட்டினால் "வேண்டாம்" என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

கோ என்ற நிரல் மொழியில் நடந்ததையும் பாருங்கள். 2023 பிப்ரவரியில் இயல்பாகவே அனுப்பும்படி ஒரு முன்மொழிவு வைத்தார்கள், பெரிய எதிர்ப்பு, அதே ஆட்கள் கேட்டு வாங்கும் முறைக்கு மாற்றினார்கள். 2024-ல் அதன் 1.23 பதிப்பு வந்தபோது எண்ணிக்கை நம் மெஷினிலேயே ஒரு கோப்பில் சேர்கிறது, நாம் சம்மதித்தால்தான் வெளியே போகும். ஆச்சி சொன்ன "முதலாளிக்கு முதலில்" இதுதானே? இதற்கு மாறாகப் போனவர்களும் உண்டு: போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனான டைம்ஸ்கேல்டிபியில் டெலிமெட்ரி இயல்பாகவே ஓடும், பெர்கோனா நிறுவனம் 2024-ல் தன் டேட்டாபேஸ் சர்வர்களில் சேர்த்தபோதும் அப்படித்தான், நிறுத்த வேண்டியது நம் வேலை.

எனக்கு ஒரு சந்தேகம். டாக்கர், ஆன்சிபிள் மாதிரி தானியங்கிக் கருவிகளில் போடும்போது கேள்வி கேட்க யாரும் திரை முன்னால் இல்லையே, அங்கே என்ன செய்வது?

டிபிஏ_தேவகோட்டை:
யாரும் இல்லாத வீட்டில் என்ன செய்வோமோ அதையேதான், உள்ளே போகாமல் திரும்பிவிடுவோம். பதில் வரவில்லை என்றால் வேண்டாம் என்று பொருள்.

புதுவயல்_சர்வர்:
அந்த ஃபீட்பேக் டேபிள் மாதிரி ஒன்று இருந்திருந்தால் முதலாளி முன்னாலேயே திறந்து காட்டியிருப்பேன். "இது மட்டும்தான் ஐயா" என்று விரலை வைத்துக் காட்டுவதும், நம்புங்கள் என்று கேட்பதும் ஒன்றல்ல.

கோட்டையூர் தம்பிக்கு ஒரு விஷயம். பெயர் இல்லாத கணக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு நிரந்தர ஐடி, அது மாறாது. ஆலைக்கு ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத இன்டர்நெட் முகவரி. இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தால் அது புதுவயலில் எந்த ஆலை என்று கண்டுபிடிப்பது கடினமே இல்லை. பெரிய ஊரில் கூட்டத்தில் மறைந்துவிடலாம், எங்கள் ஊரில் அந்த டேட்டாபேஸை ஓட்டுகிற இடம் மொத்தம் எத்தனை இருக்கும்? அந்த ஐடியை மாதம் ஒருமுறை மாற்றினால் என்ன?

கோட்டையூர்_நிரலர்:
மாற்றினால் ஒரே மெஷினை இரண்டு முறை எண்ணுவேன். சரி, ஒரு மாதத்துக்குள் எண்ணினால் போதும், வருடக் கணக்கு எனக்கு உண்மையில் தேவையில்லை. மேலே எழுதியதில் இருந்து ஒரு படி இறங்குகிறேன்: இயல்பில் எதுவும் வெளியே போகாது. எக்ஸ்டென்ஷன் ஒரு சின்ன டேபிள் மட்டும் எழுதும், பதிப்பு, ஓடிய நாள், எந்தெந்த ஃபங்ஷன் எத்தனை தடவை. டேட்டாபேஸ் பெயர் இல்லை, ஐடி இல்லை. விருப்பம் உள்ளவர் அதை ஒரு ஃபைலாக எடுத்து அனுப்பலாம். என்னிடம் வந்த எண்ணிக்கை முழுவதையும் வெளியிடுகிறேன். ஆனால் கேட்டால் யாரும் தர மாட்டார்கள் என்ற என் கருத்து மாறவில்லை. ஒரு வருடம் பார்க்கிறேன். பத்துப் பேர்கூட அனுப்பாவிட்டால் 12-க்கு முந்தைய போஸ்ட்கிரெஸ் ஆதரவை எடுத்துவிடுவேன், அப்போது யாரும் வந்து கேட்கக் கூடாது.

டிபிஏ_தேவகோட்டை:
அது நியாயம். ஃபைல் என்றால் நான் படித்துப் பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்கி, பென் டிரைவில் எடுத்தாவது அனுப்ப முடியும். என் மாதிரி இடத்துக் கணக்கு உங்களுக்குக் கிடைக்க இது ஒன்றுதான் வழி. எடுப்பதாக இருந்தால் ஆறு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள், எங்களிடம் இன்னும் 11 ஓடுகிற மெஷின் இரண்டு இருக்கிறது.

கோட்டையூர்_நிரலர்:
பார்த்தீர்களா அண்ணே, அந்த இரண்டு மெஷின் இருப்பது ஆறு வருடத்தில் இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது.

புதுவயல்_சர்வர்:
டேபிள் எழுதும் பதிப்பு தயாரானதும் இங்கே சொல்லுங்கள் தம்பி. முதலில் லாட்ஜ் சர்வரில் போட்டுப் பார்க்கிறேன். ஆலைக்கு, முதலாளியிடம் அந்த டேபிளைக் காட்டிய பிறகுதான்.